குறை பில்டரில் இல்லை!

காலை ஐந்தரை மணி. மும்பையில் தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் உள்ள தமிழர்களின் ஒற்றை அறைக் குடித்தனங்களில் அடுப்பு எரியத் தொடங்கி விடுகிறது. ஆறரை மணி லோக்கலைப் பிடிப்பதற்குள் ஒரு வாய் காப்பி உள்ளே போயாக வேண்டும். ஊரிலிருந்து வரும்போது துணிமணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த எவர்சில்வர் பில்டர்தான் அதற்குத் துணை.

ஆனாலும் பலருக்கு ஒரு மனக்குறை. "என்ன போட்டாலும் அம்மா கையால் குடித்த காப்பி மாதிரி வரவில்லையே!"

இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்களில் சிலர், தபால்தலை சேர்ப்பதைப் போல் விதவிதமான காப்பிக் கருவிகளைச் சேர்க்கத் தொடங்கி விடுகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் வீட்டு வாடகை கொடுத்து, ஊருக்குப் பணம் அனுப்பிய பிறகு மிஞ்சும் சம்பளத்தில் அல்லவா வாங்க வேண்டியிருக்கிறது? எது என்ன செய்யும் என்று தெரிந்து வாங்கினால் பணம் வீணாகாது.

எல்லாம் ஒரே வேலை

எந்தக் கருவியானாலும் வேலை ஒன்றுதான். வெந்நீர் தூளின் சாரத்தை எடுக்க வேண்டும். சக்கை பின்தங்க வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம், எப்படிப்பட்ட வடிகட்டி என்பதில்தான் வேறுபாடு.

நம் பில்டரில் அவசரமே கிடையாது. அமுக்கி வைத்த தூளின் வழியே கொஞ்சம் வெந்நீர், தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். தூள் அதிகம், தண்ணீர் குறைவு. அதனால்தான் டிகாக்ஷன் கெட்டியாக இருக்கிறது. எவ்வளவு பால் விட்டாலும் மணம் அமுங்குவதில்லை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ஸ் என்ற குடும்பத் தலைவிக்குக் காப்பியில் மண்டி தங்குவது பிடிக்கவில்லை. பித்தளைப் பாத்திரத்தில் துளை போட்டு, மகனின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்து அதில் வைத்து வடிகட்டினார். 1908-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று காகிதம் வைத்து வடிக்கும் கூம்புகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. தெளிவான காப்பி கிடைக்கும். ஆனால் பால் சேர்க்காமல் குடிப்பவருக்கே அது ஏற்றது.

இத்தாலியில் 1933-ல் அல்போன்சோ பியாலெட்டி கொண்டுவந்தது மோக்கா பாத்திரம். கீழ்த்தட்டில் தண்ணீர், நடுவில் தூள். அடுப்பில் வைத்தால் நீராவியின் அழுத்தம் வெந்நீரைத் தூளின் வழியே மேல்தட்டுக்குத் தள்ளும். ஐந்தாறு நிமிடத்தில் காப்பி தயார். பால் காப்பிக்கு இது ஒத்துவரும். தூளை அமுக்கக் கூடாது; பக்கத்திலுள்ள வால்வுக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அலுமினியத்தில் செய்ததானால் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. சிறிய பாத்திரமானால் கேஸ் அடுப்பின் கம்பிகளுக்கிடையே சரிந்து விழவும் கூடும். வாங்குமுன் அடுப்பைப் பார்த்துக் கொள்வது நல்லது.

பிரெஞ்சு பிரஸ் என்பது கண்ணாடிக் குடுவை. கொரகொரப்பான தூளில் வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்துச் சல்லடையை அழுத்தினால் போதும். பில்டர் தூளைப் போட்டால் சேறுதான் மிஞ்சும்!

அமெரிக்கரான ஆலன் ஆட்லர் 2005-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏரோபிரஸ், ஊசிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் கருவி. உடையாது, கழுவுவது எளிது. லாட்ஜ் அறையில் தங்கியிருப்பவருக்கு வசதியானது.

தூளில்தான் சூட்சுமம்

மாட்டுங்காவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடைகள் உண்டு. "எதுக்கு சார் போடப் போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டால் கருவியின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே தூள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

சிக்கரி நிறமும் கெட்டித்தன்மையும் தரும் வேர். அதில் காபீன் கிடையாது. கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். எவ்வளவு என்பது பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்து வாங்கலாம். பில்டர் தவிர மற்ற கருவிகளுக்குச் சிக்கரி கலக்காத தூளே ஏற்றது.

அரைத்த தூள் சில நாட்களிலேயே மணம் இழந்து விடும். மாதத்துக்கு ஒரு கிலோ வாங்கி வைப்பதைவிட, வாரத்துக்கு நூறு கிராம் வாங்கி இறுக மூடி வைப்பது மேல். பொழுதுபோக்காகவே இறங்குபவர் முதலில் வாங்க வேண்டியது கையால் சுற்றும் அரவை இயந்திரம். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் போய் விடும்.

கணக்கு நோட்டு

பில்டர் இறங்கவில்லையா? தூள் மிகவும் நைசாக இருக்கலாம். துளை அடைத்தும் இருக்கலாம். வெந்நீரில் ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகும். மடமடவென்று இறங்கி விட்டால் தூள் பெரியது, அல்லது சரியாக அமுக்கவில்லை. ஆறிய டிகாக்ஷனைக் கொதிக்க வைக்கக் கூடாது. பாலைத்தான் நன்றாகச் சுட வைக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இன்று தூளின் அளவு, நாளை தண்ணீர். மாற்றியதையும் ருசியையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் பத்தே நாளில் விவரம் புரிந்து விடும். ஆபீசில் பேரேடு எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு வேலையா?

அம்மாவின் கைமணம் என்பதும் இதுதான். அவர் நோட்டு எழுதவில்லை. ஆனால் அதே கடை, அதே கரண்டி, அதே பில்டர் என்று முப்பது வருடம் மாற்றாமல் போட்டார். கருவியைக் கடையில் வாங்கி விடலாம். கையளவை அவரவர்தான் பழக வேண்டும். பரணில் கிடக்கும் பழைய பில்டரை இறக்கி, வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாமே!