கார் 'மிஸ்ஸிங்' அடிக்கிறதா?

சிக்னலில் நிற்கும்போது வண்டி குலுங்கிக் குலுங்கி உதறுகிறதா? மேட்டில் ஏற முடியாமல் திணறுகிறதா? மெக்கானிக் பாஷையில் இதற்குப் பெயர் 'மிஸ்ஸிங்'. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

உடனே டாஷ்போர்டைப் பாருங்கள். என்ஜின் படம் போட்ட விளக்கு நிலையாக எரிந்தால், தாமதிக்காமல் ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் உஷார்! ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிடுங்கள். கேஸ் அடுப்பு பற்றாமல் கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் சும்மா இருப்போமா? எரியாத பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து, அதையே பாழாக்கிவிடும். ப்ளக்கோடு போக வேண்டிய செலவு பல ஆயிரத்தில் வந்து நிற்கும்.

ஒர்க்‌ஷாப்பில், "எல்லாத்தையும் மாத்திடலாம்மா" என்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். முதலில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பி0302 என்று வந்தால், கோளாறு இரண்டாவது சிலிண்டரில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியானால், என்ஜின் ஆறியதும் அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இதில் மாட்டி ஓட்டிப் பார்க்கட்டும். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி! பழைய எண்ணே வந்தால், ப்ளக்கையும் இப்படியே இடம் மாற்றிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால்தான் இஞ்செக்டர், கம்ப்ரெஷன் என்று மேலே போக வேண்டும்.

ப்ளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி அப்பியிருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கா? ஆயில் உள்ளே கசிகிறது.

கெட்டதை மட்டும் மாற்றுங்கள். கழற்றிய சாமானையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.