நாட்டைவிடப் பெரிய புலம்பெயர் சமூகம்

பசிபிக் தீவு நாடான சமோவாவின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். நியூசிலாந்தின் 2023 கணக்கெடுப்பில் தங்களைச் சமோவர் என்று பதிந்தவர்களோ 2 லட்சத்து 13 ஆயிரம் பேர்! இவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள்.

1950, 60களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. சமோவர்கள் கப்பலேறினார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போனது. அந்தப் பணத்தில் தம்பி, தங்கைகளும் வந்து சேர்ந்தார்கள். 1970களில் வேலை அருகியதும் நிலைமை தலைகீழானது. விசா முடிந்தவர்களைத் தேடி, விடியுமுன்னே வீடு புகுந்தது போலீஸ். விசா முடிந்தும் தங்கியவர்களில் பசிபிக் தீவினர் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வழக்குகளில் பெரும்பாலானவை அவர்கள் மீதே பாய்ந்தன. எவ்வளவு பெரிய அநீதி!

2021 ஆகஸ்ட் 1 அன்று நியூசிலாந்தின் அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் இதற்காக மன்னிப்புக் கேட்டார். தவறிழைத்தவர் பாயால் தன்னை மூடிக்கொண்டு காத்திருப்பது சமோவ வழக்கம்; பாதிக்கப்பட்டவர் பாயை விலக்கினால் மன்னித்ததாகப் பொருள். பிரதமரும் அப்படியே, நுண்ணிய நெய்பாய்க்குள் அமர்ந்தார். பாயை விலக்கி, அவரை அணைத்துக்கொண்டார்கள் பசிபிக் மக்கள்.

இன்று நியூசிலாந்தில் ஆங்கிலம், மாவோரிக்கு அடுத்து அதிகம் பேசப்படுவது சமோவ மொழிதான், நேயர்களே!