பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன்...

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, நம் வீடுகள் பலவற்றில் அவசரமாக ஒரு கணினி வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு, பெரியவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை. கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்ததை வாங்கினோம். அதில் பல ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியவை. இன்று அந்தக் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, தேத்தண்ணீர் கலக்கிக் குடித்து முடித்தால்தான் திரை தயாராகிறது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

நான் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், சாப்பாட்டுக்கு முன்பே “தம்பி, இந்தக் கணினியைக் கொஞ்சம் பாரேன்” என்று அழைப்பு வந்துவிடும். அப்படிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தூக்கிப் போட வேண்டியவை அல்ல. ஒன்றிரண்டு பாகங்களை மாற்றினாலே பிள்ளைகளின் இடுபணிக்கும் வீட்டுக் கணக்கு வழக்குக்கும் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும்.

எதை மாற்றுவது?

பணம் செலவழிக்கும் முன் கணினியையே கேளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். டிஸ்க் என்ற இடத்தில் ‘எச்டிடி’ என்று இருந்து, கணினி தொடங்கியதும் அது நெடுநேரம் 100 விழுக்காட்டிலேயே நின்றால், தாமதத்துக்குக் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க்தான். சுழலும் தட்டு விநாடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வரை படிக்கும்; சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வேறுபாடு இன்னும் பெரியது. முதல் செலவு எஸ்எஸ்டிக்கே போகட்டும்.

அடுத்தது ராம். அதே பக்கத்தில் மெமரியை அழுத்தினால் எத்தனை ஜிபி இருக்கிறது, எத்தனை துளைகள் நிரம்பியிருக்கின்றன என்பது தெரியும். 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குவது பலன் தரும். ஆனால் டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. சில மடிக்கணினிகளில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அதை மாற்றவே முடியாது. மாடல் எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதற்கு டிபிஎம் 2.0 தேவை; இண்டெல் செயலி என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதைவிடப் பழைய கணினிக்கு எவ்வளவு ராம் போட்டாலும் இந்தத் தடை நீங்காது. அத்தகைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் நன்றாகவே ஓடும்.

திருப்புளியை எடுக்கும் முன்

இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, படங்களையும் ஆவணங்களையும் வெளிப்புற டிஸ்கில் நகலெடுங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். இரண்டு, பிட்லாக்கர் மீட்புக் குறியீடு. சில கணினிகளில் உங்களுக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பாகத்தையோ பயாஸ் அமைப்பையோ மாற்றியதும் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.

எந்தக் கட்டத்தில் நின்றது?

பாகத்தை மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் கணினி தொடங்கவில்லை. வயிற்றில் புளியைக் கரைக்கும் நேரம் இது. ஆனால் கணினி ஒரு வரிசைப்படிதான் தொடங்குகிறது. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். சுவர் சுவிட்ச், கணினியின் பின்பக்கச் சுவிட்ச், உள்ளே கழன்றிருக்கும் கம்பி. மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, மீண்டும் சார்ஜரைச் செருகி முயலுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை இருட்டாக இருக்கிறது, ‘பீப்’ ஒலி கேட்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராம். மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, ‘டிக்’ என்று பூட்டும் வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பீப் ஒலியின் கணக்கு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்; எண்ணிக் குறித்துக்கொண்டு கையேட்டில் தேடுங்கள்.

தயாரிப்பாளரின் சின்னம் வந்து, பிறகு கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்தால், ராமும் செயலியும் தம் வேலையைச் செய்துவிட்டன என்று பொருள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் மட்டும் அகப்படவில்லை. எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்திப் பயாஸுக்குள் போங்கள். டிஸ்கின் பெயர் அங்கே இல்லையென்றால் கம்பியைச் சரியாகச் செருகுங்கள். பெயர் இருந்தால் தொடக்க வரிசையையும், யுஇஎஃப்ஐ அல்லது லெகசி என்ற முறையையும் பாருங்கள்.

விண்டோஸ் சின்னம் வரை வந்து நீலத் திரை காட்டினாலோ, திரும்பத் திரும்பத் தொடங்கினாலோ, புதிதாகப் போட்ட பாகத்தை எடுத்துவிட்டு முயலுங்கள். அப்போது சரியாக ஓடினால் புதிய பாகம்தான் காரணம். இல்லையென்றால், இரண்டு மூன்று முறை தொடக்கம் தோற்றதும் தானாக வரும் பழுதுபார்ப்புத் திரையில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ இருக்கும், அதை ஓடவிடுங்கள். எப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பெரியம்மா வீட்டுக் கணினி

கிள்ளானில் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மேசைக் கணினியில் பேரன் எஸ்எஸ்டி பொருத்தி, பழைய டிஸ்கில் இருந்ததை அப்படியே நகலெடுத்தான். உள்ளே எல்லாவற்றையும் முடுக்கி, மூடி, பொத்தானை அழுத்தினால் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. பழைய டிஸ்கைத் திரும்பப் போட்டாலும் அதே வரி. கடைக்குக் கொண்டுபோனார்கள். “மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குவதுதான் லாபம். பழையதை இங்கேயே விட்டுவிடுங்கள், விலையில் கழித்துக்கொள்கிறோம்” என்றார்களாம்.

பெரியம்மா என்னைக் கூப்பிட்டது கணினிக்காக அல்ல. “உன் பெரியப்பாவோட மணிவிழாப் படமெல்லாம் அதிலதான்யா இருக்கு. வேற எங்கயும் இல்ல” என்றார். பெரியப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

பயாஸைத் திறந்தேன். புதிய எஸ்எஸ்டியின் பெயர் இருந்தது. ஆனால் மேல் மூலையில் தேதி, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி முதல் நாளைக் காட்டியது. விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. மதர்போர்டில் காசு வடிவில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாதபோது தேதியையும், பல கணினிகளில் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றுவது அதுதான். அது எப்போதோ தீர்ந்திருக்கிறது. கணினி எப்போதும் சுவரில் செருகியே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எஸ்எஸ்டி பொருத்துவதற்காக மின்கம்பியைப் பிடுங்கியதும் அமைப்புகள் அழிந்து, லெகசி முறை யுஇஎஃப்ஐக்கு மாறிவிட்டது. அந்தப் பழைய விண்டோஸோ லெகசி முறையில் நிறுவப்பட்டது.

சில வெள்ளிக்குப் புதிய பேட்டரி, பயாஸில் ஒரு மாற்றம். கணினி ஒரு நிமிடத்துக்குள் திறந்தது. முதல் வேலையாக மணிவிழாப் படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்தோம்.

கடைக்குப் போகும் நேரம்

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. மேசைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் இருக்கலாம். மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டிஸ்க் ‘டக் டக்’ என்று ஒலித்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஓட ஓட உள்ளே இருப்பது மேலும் கெடும்.

கடைக்காரரிடம் “ஆன் ஆகவில்லை” என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கட்டத்தில் நிற்கிறது, திரையில் என்ன வரி வருகிறது என்று சொல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். மதர்போர்டு பழுது என்றால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். என்ன முடிவு எடுத்தாலும் பழைய டிஸ்கை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் இருக்கும். அதைக் கழற்றித் தரச் சொல்லி, கையோடு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.