தரங்கம்பாடியின் ஈய எழுத்துகள்

1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தன. தமிழே புழங்காத ஊரில், மாதிரியைப் பார்த்துச் செய்தவை! ஆனால் அளவில் பெரியவை. அங்கிருந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாட்டை அவற்றில் அச்சிட்டால், அரிதாகக் கிடைத்த காகிதம் போதாது. எனவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். எளிய வேலையா அது? ஒவ்வொரு எழுத்தையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்; ணகரத்தின் சுழிகள் மையில் அடைபடாமல் தனித்தனியே தெரிய வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளையும் இதற்காக உருக்கினார்களாம். அந்தச் சிற்றெழுத்துகளில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அந்த வார்ப்புக் கலைஞர்களுக்குத் தமிழ் அச்சுலகம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.