பொரிப்புப் பெட்டியிற் பிறந்த குஞ்சுகளைப் பேணும் முறை

வீட்டிலேயே சிறு பொரிப்புப் பெட்டி வைத்துக் கோழிக்குஞ்சு எடுக்கும் வழக்கம் கிராமங்களிலும் பரவியுள்ளது. முட்டைகளை 21 நாள் கண்ணுங் கருத்துமாய்க் காத்தவர்கள், ஓடு உடைந்து குஞ்சு வெளிவந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணிவிடுகிறார்கள். நஷ்டம் நேருவது பெரும்பாலும் அதன் பின்னரேயாம். தாய்க்கோழியுடன் திரியும் குஞ்சுக்குச் சிறகின் சூடும், இரை கொத்தக் கற்பிக்கும் குரலும், பருந்தைக் கண்டால் காவலும் உண்டு. பெட்டியிற் பிறந்த குஞ்சுக்கு இவை யாவற்றையும் வளர்ப்பவரே அளித்தாக வேண்டும். முதல் வாரத்தில் மடியும் குஞ்சுகளிற் பல, நோயினாலன்றிக் குளிராலும் தாகத்தாலுமே மடிகின்றன.

பெட்டியிலிருந்து எடுத்தல்

முதற் குஞ்சைக் கண்டவுடன் பெட்டியைத் திறக்கலாகாது. திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, இன்னும் ஓட்டினுள் இருக்கும் குஞ்சுகளின்மேல் சவ்வு உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். அவை வெளிவர இயலாது மாளும். பொரிப்பதற்குச் சற்று முன்னர் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றினுள் இழுக்கப்படுகிறது. இச்சேமிப்பைக் கொண்டு குஞ்சு ஒன்றிரண்டு நாள் தாங்கும். ஆகையால் தூவி உலர்ந்து பஞ்சுபோல் விரியும்வரை அவை பெட்டியில் இருத்தலால் தீங்கில்லை. உலர்ந்த பின்னரோ தாமதம் கூடாது. விரைவில் தண்ணீரும் தீனியும் பெற்ற குஞ்சே செழித்து வளரும்.

உஷ்ணம்

குஞ்சுகளை மூலையுள்ள இடத்தில் விடுவது தவறு. குளிர்ந்தால் அவை மூலையில் நெருக்கி, அடியிலுள்ளவை மூச்சுத் திணறி இறக்கும். தகரத்தாலோ அட்டையாலோ வட்டமான அடைப்பு அமைத்து, உலர்ந்த உமியை 2 அங்குலம் பரப்புக. அடைப்பின் நடுவில், குஞ்சின் முதுகு மட்டத்தில், முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வரலாம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வீதம் இழை பல்பு தொங்கவிடுவது வழக்கம். எல்.இ.டி. விளக்குகள் வெளிச்சம் தருமேயன்றிப் போதிய சூடு தாரா. மின்சாரம் தடைப்படும் இரவுகளுக்கு, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாத்திரத்தைச் சாக்கிற் சுற்றி வைக்கலாம். அடைத்த அறையில் கரியடுப்பு வைத்தல் குஞ்சுக்கும் மனிதர்க்கும் ஆபத்து.

உஷ்ணமானி இல்லாதவர் குஞ்சுகளையே பார்த்து அறியலாம். விளக்கின் கீழ் குவிந்து ஓயாது கத்தினால் சூடு போதாது. ஓரத்திற்கு ஓடி, வாய் திறந்து இளைத்தால் சூடு மிகுதி. ஒரே பக்கமாய் ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. எங்கும் பரவலாய்ப் படுத்து உறங்கினால் யாவும் சரியாயிருக்கிறது. உறங்கச் செல்லுமுன்னும் விடியலுக்கு முன்னும் ஒருமுறை பார்த்தல் அவசியம்.

தண்ணீரும் தீனியும்

முதலில் தண்ணீர், பின்னரே தீனி. ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களை இட்டுத் தண்ணீர் வைத்தால் குஞ்சுகள் மூழ்கா. கொதித்தாறிய நீரே நன்று. ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை நீரில் தொட்டுவிட்டால் தானே குடிக்கக் கற்றுக்கொள்ளும். வழுக்கும் காகிதத்தின்மேல் விடலாகாது. கால்கள் விரிந்து முடமாகும்.

முதல் நாள் கம்பு நொய் அல்லது மக்காச்சோளக் குருணை போதும். அதன்பின் புரதம் மிகுந்த குஞ்சுத்தீனி கொடுத்தல் வேண்டும். தானியம் மாத்திரம் தின்னும் குஞ்சு தேறாது. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை ஒருபோதும் சேர்க்கலாகாது. 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் இத்தகைய கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. அப்லடாக்ஸின் என்னும் பூஞ்சண விஷம் அதனாலேயே வெளிப்பட்டது.

நோய்த் தடுப்பு

ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து மெல்லத் துடைத்து, குஞ்சை உலர்த்திவிடுக. மூன்றாம் வாரத்திற்குப் பின் எச்சத்தில் இரத்தம் கண்டால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். ஈரமான உமியே அதற்கு இடமளிப்பது. நனைந்த உமியை அன்றன்றே அகற்றி, தாமதமின்றி மருத்துவரை நாடுக.

யாவற்றினும் கொடியது ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல். வந்தபின் மருந்தில்லை, வருமுன் காக்கலாம். பிறந்த 5 முதல் 7 நாட்களுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து இடுதல் வேண்டும். இம்மருந்துப் புட்டி பெரும்பாலும் 100 குஞ்சுகளுக்கு உரியது. கலக்கிய பின் ஓரிரு மணி நேரத்துள் பயன்படுத்தாவிடில் வீணாகும்; அதுவரை பனிக்கட்டியில் இருத்தல் வேண்டும். பத்துக் குஞ்சு உடையவர் தனியே வாங்க முற்படாது கைவிடுவது இக்காரணம் பற்றியே. கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் பேருதவி செய்யலாம். கால்நடை மருந்தகத்தாருடன் பேசி ஒரு நாளைக் குறித்து, குஞ்சுள்ள வீட்டாரையெல்லாம் ஓரிடத்திற் கூட்டினால் ஒரே புட்டி ஊருக்குப் போதும். ஒரு வீட்டிற் புகுந்த கழிச்சல் அவ்வீட்டோடு நிற்பதில்லையாதலின், ஏழை வீட்டுக் குஞ்சைக் காப்பது பெரிய பண்ணையையும் காப்பதாகும்.

பொரித்த குஞ்சுகளை எண்ணி மகிழ்வதினும், எட்டு வாரம் சென்றபின் எஞ்சியவற்றை எண்ணிப் பார்ப்பதே இத்தொழிலுக்குச் சரியான கணக்கு. குடியானவர்கள் மேற்கூறிய முறைகளைக் கைக்கொண்டு பயனடைவார்களாக.