முதல் அன்னமும் பஞ்சாமிர்தமும்

ஆலயத் திருவிழாக் காலங்களில் சந்நிதியில் குழந்தைக்கு முதல் சோறூட்டுதல் பக்தப் பெருமக்கள் பலரின் பிரார்த்தனையாகும். அன்னப்பிராசனத்தை ஆண் மகவுக்கு ஆறாம் மாதத்திலும், பெண் மகவுக்கு ஐந்தாம் அல்லது ஏழாம் மாதத்திலும் நடத்துவது மரபு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் அறிவுறுத்தி வருவதால், பெண் மகவுக்கு ஏழாம் மாதமே உகந்தது.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அபிஷேகப் பஞ்சாமிர்தத்தை. அதில் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, நெய் ஆகியவற்றோடு தேனும் கலந்துள்ளது. ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேனைத் துளியும் தடவலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பின்னர் அழுகுரல் மெலியும், பால் உறிஞ்ச இயலாது, மூச்சும் தடைப்படலாம். தேனைக் காய்ச்சினாலும் அவ்வித்துகள் அழிவதில்லை. அரிய நோய்தான், ஆயினும் உயிருக்கு ஆபத்தானது. பிறந்த குழந்தைக்குப் பாட்டிமார் சேனை வைக்கும் தேனுக்கும் இது பொருந்தும்.

பிரசாதத்தை மறுப்பது அபசாரமன்றோ என்று சிலர் தயங்குவர். குழந்தையின் பங்கைத் தாயே உண்ணலாம்; தாய்ப்பால் வழியாக அவ்வித்துகள் செல்வதில்லை. குழந்தைக்கு நெற்றியில் திருநீறும், உப்பும் சர்க்கரையும் சேராத குழைந்த சோற்றில் ஒரு சிட்டிகையும் போதும்.