ஒரு பக்கம் சிகிச்சை, மறுபக்கம் இடிப்பு

வீட்டை இடித்துக் கட்டுவதென்றால் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் வாடகை வீட்டில் இருந்துவிடலாம். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை இருக்கிறது. மருத்துவமனைக்கு விடுமுறை ஏது? மாவட்டத்துக்கே ஒரு பெரிய அரசு மருத்துவமனைதான் இருக்கும். பிரசவமும் விபத்தும் நாள் பார்த்து வருவதில்லை. புதிய கட்டடத்துக்கு வளாகத்தை விட்டால் வேறு இடமும் கிடையாது. ஆகவே ஒரு பகுதியில் சிகிச்சை நடக்க, அதை ஒட்டிய இன்னொரு பகுதியை இடித்தாக வேண்டியிருக்கிறது. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர்தான்.

இடிப்பு என்றதும் ஹிட்டாச்சியும், காதைப் பிளக்கும் பிரேக்கர் சத்தமும், மேலிருந்து விழும் கான்கிரீட்டும்தான் நினைவுக்கு வரும். அவையும் ஆபத்துதான். ஆனால் அவற்றைக் கண்ணால் பார்க்கலாம், தள்ளி நிற்கலாம். மருத்துவமனைக்கு மட்டுமே உரிய ஆபத்து, பார்வைக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கிறது.

பழைய கட்டடங்களின் பொய்க்கூரைக்கு மேலும், ஈரம் பிடித்த சுவர்களுக்குள்ளும், ஏசி குழாய்களிலும் பல ஆண்டுத் தூசி படிந்திருக்கும். அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 2 முதல் 3.5 மைக்ரான் அளவுதான் என்பதால், சுவரை உடைத்ததும் கிளம்பி நெடுநேரம் காற்றிலேயே தங்கிவிடும். நீங்களும் நானும் தினமும் இவற்றைச் சுவாசிக்கிறோம், உடல் சமாளித்துக்கொள்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோரின் உடலில் அந்த எதிர்ப்பு இல்லை. வித்து நுரையீரலில் முளைத்து ரத்தக்குழாய்களுக்குள் ஊடுருவும். அந்த நிலைக்குப் போனவர்களில் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை. 2021இல் கொரோனாவை ஒட்டி நாம் அஞ்சி நடுங்கிய கறுப்புப் பூஞ்சை வேறு இனம். ஆனால் அதுவும் தாக்குவது இப்படி எதிர்ப்பு குன்றிய உடலைத்தான்.

இடிப்பின்போது காற்றில் என்னதான் நடக்கிறது? ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் இதை அளந்தே பார்த்தார்கள். அங்குள்ள கிரிகோரியோ மாரான்யோன் பல்கலைக்கழக மருத்துவமனை, தன்னுடைய மகப்பேறுக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. மருத்துவமனையின் மற்ற கட்டடங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. எமிலியோ போசா தலைமையிலான நுண்ணுயிரியல் குழு, ஒரு வாரம் முன்பிருந்தே தெருவிலும் வார்டுகளிலும் காற்று மாதிரிகளை எடுக்கத் தொடங்கியது. தகர்த்த 10ஆவது நிமிடம், 30ஆவது நிமிடம் என்று அன்று 11 மணி நேரம் வரை எடுத்தார்கள். பிறகு ஒரு வாரம் தினமும், அதன் பின் நான்காவது வாரம் வரை வாரம் ஒருமுறையும் தொடர்ந்தார்கள். மொத்தம் 340 மாதிரிகள்.

2002இல் வெளியான முடிவுகள் நின்று பார்க்க வேண்டியவை. தகர்த்த நாளில் வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 பூஞ்சைத் திரள்கள் இருந்தன. கட்டடங்களுக்குள் சுமார் 36. நான்காம் நாள் இயந்திரங்களைக் கொண்டு இடித்தபோது வெளியே 74.5, உள்ளே 41.7. அதாவது, இயந்திர இடிப்பு நாளின் கணக்கு வெடி நாளின் கணக்குக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ‘வெடி வைத்தால்தானே புழுதி, ஜேசிபி என்றால் பரவாயில்லை’ என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். காற்று பழைய நிலைக்குத் திரும்ப 11 நாட்கள் ஆயின.

இன்னொரு முடிவு இதைவிட முக்கியம். நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகக் காற்றைச் செலுத்தி, வெளியைவிட அழுத்தம் கூடுதலாக வைத்திருந்த அறைகளில் பெரும்பாலானவற்றில் தகர்ப்பு நாளன்றும் ஒரு பூஞ்சைகூட வளரவில்லை. அடுத்த மூன்று மாதங்களில் ஒரு நோயாளிக்கும் ஊடுருவும் பூஞ்சை நோய் வரவில்லை. ஒரு கட்டடமே தரைமட்டமான வளாகத்தில் இது சாத்தியமாகியிருக்கிறது.

மருத்துவமனைகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் கொத்தாகப் பரவிய 53 நிகழ்வுகளை, 458 நோயாளிகளை, 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஏறக்குறையப் பாதியில் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டவை கட்டுமானப் பணியோ இடிப்போதான். எளிதில் நோய்க்கு ஆளாகக்கூடியவர்களுக்கு, ஒரு கன மீட்டரில் ஒன்றுக்கும் குறைவான ஆஸ்பெர்ஜில்லஸ் திரள் இருந்தாலே தொற்று வரப் போதும் என்றும் அந்தத் தொகுப்பு சொல்கிறது. மாட்ரிட்டின் 36 என்பது எல்லாவகைப் பூஞ்சைகளும் சேர்ந்த கணக்கு என்பதை நினைவில் வைத்தாலும், சாதாரண வார்டுக்கும் காப்பு அறைக்கும் உள்ள தூரம் புரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். நமது அரசு மருத்துவமனை வார்டுகளில் பெரும்பாலானவை ஜன்னல் காற்றை நம்பியவை. காசநோய் பரவாமலிருக்க அது நல்லது. இடிப்பு நடக்கும்போது அதுவே பலவீனம். சுற்றிலும் பச்சை வலை கட்டிவிட்டால் தூசித் தடுப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். வலை கல்லைத் தடுக்கும். மூன்று மைக்ரான் வித்தை அது என்ன செய்யும்? தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டே உடைப்பது தூசியை வெகுவாகக் குறைக்கும், அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆனாலும் உருப்படியான வேலை, முதல் சுத்தியல் விழும் முன்பே ஆளை இடம் மாற்றுவதுதான். புற்றுநோய் வார்டு, மாற்று அறுவை சிகிச்சை வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, குறைமாதக் குழந்தைகள் பிரிவு, தீக்காயப் பிரிவு ஆகியவற்றை வளாகத்தின் மறு கோடிக்கு, காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்புறமாகக் கொண்டுபோக வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. துறைத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் கஷ்டம் என்று உள்ளே வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

கட்டடத்துக்குள்ளேயே ஒரு பகுதியை இடிக்கும்போது, தரையிலிருந்து மேல்தளக் கான்கிரீட் வரை இடைவெளியின்றி மூடிய தடுப்புச் சுவர் வேண்டும். பொய்க்கூரை வரை மட்டும் மறைத்தால் அதற்கு மேலே தூசி சுதந்திரமாகப் போய்வரும். இடிக்கும் பக்கத்துக் காற்றை விசிறியால் உறிஞ்சி வெளியேற்றி, அங்கே அழுத்தத்தைக் குறைவாக வைக்க வேண்டும். அப்போதுதான் காற்று வார்டிலிருந்து இடிப்புப் பகுதிக்குப் போகும், திரும்பி வராது. அமெரிக்க மருத்துவமனைகளில் வேலை தொடங்கும் முன் தொற்றுத் தடுப்புக் குழு இடத்தைப் பார்த்து, எந்த வேலை எந்த நோயாளிக்கு அருகில் நடக்கிறது என்று தரம் பிரித்து, எழுத்தில் அனுமதி தருகிறது. அங்கே பொறியாளர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது.

அடுத்தது கட்டமைப்பு. பாதியை இடிப்பது முழுவதையும் இடிப்பதைவிடச் சிக்கலானது. உத்தரமும் தளமும் இரு பக்கமும் தொடர்ந்து ஓடினால், ஒரு பக்கத்தை எடுத்ததும் மறுபக்கத்தின் சுமைக் கணக்கு மாறிவிடும். நீளமான கட்டடங்களில் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் எனப்படும் இடைவெளி விட்டிருப்பார்கள். அங்கே பிரித்தால் பாதி வேலை எளிது. அப்படி இல்லையென்றால் இருக்கப்போகும் பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து, வைரம் பதித்த கம்பியால் கான்கிரீட்டை அறுத்து இரண்டையும் முதலில் துண்டிக்க வேண்டும். அறுக்கும்போது தண்ணீர் விடுவதால் தூசியும் குறைவு, அதிர்வும் குறைவு. அதன் பிறகுதான் பிரேக்கர். நியூரோ, கண் அறுவை சிகிச்சை அரங்குகளில் நுண்ணோக்கி வழியாக வேலை நடக்கும்போது சுவர் அதிர்ந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. அரங்கிலிருந்து ஒரு போன் வந்தால் அந்த நொடியே இயந்திரத்தை நிறுத்தும் ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மேலிருந்து கீழாக, தளம் தளமாக இடிப்பதே முறை. இடித்த கட்டியைக் கீழ்த் தளத்திலேயே குவித்து வைத்தால் அந்தத் தளமும் சேர்ந்து இறங்கும். வெடிவைப்பது இயங்கும் மருத்துவமனைக்குச் சரிப்படாது என்றே சொல்வேன், மாட்ரிட் விதிவிலக்கு. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், ஏற்கெனவே மூடப்பட்டிருந்த பழைய மருத்துவமனையை 1997 ஜூலை 13 அன்று வெடிவைத்துத் தகர்த்தபோது, ஏரியின் மறுகரையில் நானூறு மீட்டருக்கும் அப்பால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி, பறந்து வந்த இரும்புத் துண்டு தாக்கி இறந்தாள்.

சுவருக்குள் ஓடுகிற குழாய்களும் கம்பிகளும் இன்னொரு தலைவலி. இடிக்கும் பகுதி வழியாகவே பக்கத்து ஐசியூவுக்கு ஆக்சிஜன் போகலாம். பழைய வரைபடங்களை நம்ப முடியாது. இடையில் எத்தனையோ பேர் இணைப்புகளை மாற்றியிருப்பார்கள். மாற்றுக் குழாய் போட்டு, சோதித்து, நோயாளிகளை அதற்கு மாற்றிய பிறகே பழையதை வெட்ட வேண்டும். மின்சாரம், தீயணைப்புக் குழாய், அவசர வழி எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான். கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி இருந்த அறையாக இருந்தால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடு கதிர்மூலத்தை அகற்றாமல் ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது.

இவ்வளவும் இடிப்பு வேலையைக் கையில் எடுத்த பிறகு. இடிக்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகும் இடிக்காமல் காத்திருக்கும் காலம் இதைவிட மோசமானது. 2025 ஜூலை 3 அன்று கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பழைய கட்டடத்தின் கழிப்பறைப் பகுதி இடிந்து விழுந்தது. ஏற்கெனவே பாதுகாப்பற்றது என்று அடையாளம் காணப்பட்ட கட்டடம் அது. மகளின் சிகிச்சைக்காக வந்திருந்த தாய் ஒருவர் இடிபாட்டுக்குள் சிக்கி உயிரிழந்தார். பயன்பாட்டில் இல்லாத பகுதி என்று முதலில் அமைச்சர்கள் சொன்னதால் தேடுதல் தாமதமானது என்ற குற்றச்சாட்டு கேரளத்தை உலுக்கியது. ‘பயன்பாட்டில் இல்லை’ என்று கோப்பில் எழுதினால் போதாது. தண்ணீர் வருகிற, கதவு திறந்திருக்கிற கழிப்பறை எங்கே இருந்தாலும், கூட்டம் நிரம்பிய மருத்துவமனையில் நோயாளியுடன் வந்தவர்கள் அதைத் தேடிப் போவார்கள். மூடுவதென்றால் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து, வாசலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும்.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 4130 இடிப்புப் பாதுகாப்புக்கு விதிகள் சொல்கிறது. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கும் தனி விதிகள் இருக்கின்றன. ஆனால் இடிப்பு டெண்டர்கள் பெரும்பாலும் பழைய கம்பி, கதவு, ஜன்னலின் விலையைக் கழித்து யார் லாபமாக எடுக்கிறார்கள் என்ற கணக்கிலேயே முடிகின்றன. தடுப்புச் சுவருக்கும், வடிகட்டிக்கும், காற்றுப் பரிசோதனைக்கும் டெண்டரில் தனிச் செலவு இனம் இல்லாதவரை எந்த ஒப்பந்ததாரரும் சொந்தக் காசில் அதைச் செய்யப்போவதில்லை. பொதுப்பணித் துறையும் மருத்துவமனை நிர்வாகமும் அந்த இனத்தைச் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டார் கீமோதெரபியிலோ மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகோ இருக்கும் மருத்துவமனையில் இடிப்பு நடந்தால், வார்டை மாற்றித் தரும்படி கேளுங்கள்; அது அதிகப்படியான கோரிக்கை அல்ல. ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லும்போது மருத்துவரைக் கேட்டு என்95 முகக்கவசம் போடுங்கள். குறுக்கு வழி என்று தடுப்புத் திரையை விலக்கி நடக்காதீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தும் காய்ச்சலும் இருமலும் இறங்கவில்லையென்றால், பக்கத்தில் கட்டடம் இடிக்கிறார்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.